தெருப் பூனைக்குச் சோறு வைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

சென்னையில் எங்கள் தெருப் பூனைகளுக்குச் சாப்பாடு வைப்பது, பிடித்துக்கொண்டுபோய்க் கருத்தடை ஆபரேஷன் செய்வது, திரும்பக் கொண்டுவந்து விடுவது என்று சில வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கிறேன். தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரும் வாட்ஸ்அப்பில் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் குரல் பதிவு அனுப்பி அலுத்துவிட்டதால் எழுதிவைத்துவிட்டேன். நான் மருத்துவர் இல்லை. மருந்தின் பெயர், அளவு எல்லாம் கால்நடை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

ஒரே ஒரு பூனைக்குத்தான் சாப்பாடு வைத்தேன். ஒரு வருடத்தில் எப்படி ஏழாயிற்று?

பெட்டைக் குட்டி நான்கு, ஐந்து மாதத்திலேயே சினைப் பிடித்துவிடும். நம் கண்ணுக்கு அது இன்னும் குட்டியாகத்தான் தெரியும். சினைக்காலம் சுமார் 63 நாள். ஒரு ஈற்றில் மூன்று முதல் ஐந்து குட்டி. பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சினை பிடிப்பதும் உண்டு. பகல் பொழுது நீளமாக இருக்கும்போதுதான் பூனைக்கு இனச்சேர்க்கை உணர்வு வரும். குளிர்நாடுகளில் பனிக்காலம் அதற்கு ஒரு இடைவேளை. நம் ஊரில் பகல் பெரிதாகக் குறைவதே இல்லை, அதனால் பெரும்பாலும் வருடம் முழுக்க நடக்கும்.

இன்னொன்று, பூனைக்கு இணை சேர்ந்த பிறகுதான் கருமுட்டை வெளிவரும். சேரவில்லை என்றால் அடங்கிவிட்டு, இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி கத்த ஆரம்பிக்கும். ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை அழுவதுபோல் கேட்கும் சத்தம் இதுதான். ஒரே ஈற்றில் கறுப்பு, மஞ்சள், சாம்பல் என்று கலந்து பிறந்தால், அப்பாக்களும் ஒன்றுக்கு மேல் இருக்கலாம்.

இதில் நாம் வைக்கும் சோற்றுக்கும் பங்கு உண்டு. வயிறு நிறைந்த தாய் அடிக்கடி ஈனும், குட்டிகளும் அதிகம் பிழைக்கும். இதைச் சொன்னால் சாப்பாடு வைப்பவர்களுக்குக் கோபம் வருகிறது. வரட்டும். கிண்ணம் வைக்கிற கைதான் கூண்டையும் வைக்க வேண்டும் என்பது என் கட்சி. ஏனென்றால் அந்தப் பூனை வேறு யாரிடமும் வராது.

ஒரு ஜோடி ஏழு வருடத்தில் 4 லட்சம் பூனையாகிவிடும் என்று ஒரு படம் சுற்றுகிறதே, உண்மையா?

இல்லை. ஒரு குட்டிகூடச் சாகாது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. தெருவில் பிறக்கும் குட்டிகளில் பாதிக்கு மேல் பெரிதாவதற்குள் போய்விடுகின்றன. நாய், வண்டி, பார்வோ வைரஸ், பட்டினி. நான் ஆபரேஷனுக்கு ஓடுவது அந்த 4 லட்சத்துக்குப் பயந்து அல்ல, இந்தப் பாதியைப் பார்க்க முடியாமல்தான்.

பிடித்து மீன் மார்க்கெட்டில் விட்டுவிட்டால் பிழைத்துக்கொள்ளாதா?

காசிமேட்டில் விட்டால் ராஜா மாதிரி இருக்கும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். அங்கே ஏற்கெனவே இருக்கும் பூனைகளுக்கு எல்லை உண்டு, அங்கே இருக்கும் நாய்களுக்குப் புதுப் பூனை எது என்று உடனே தெரியும். தண்ணீர் எங்கே, ஒளிய இடம் எங்கே என்று ஒன்றும் தெரியாத பூனை, கோணியிலிருந்து அவிழ்த்துவிட்டதும் கண்மண் தெரியாமல் ஓடும். பல சமயம் நேராகச் சாலைக்கு. பிழைத்தால், வந்த வழியைத் தேடித் திரும்பப் பார்க்கும்.

உங்கள் தெருவும் காலியாக இருக்காது. குப்பைத் தொட்டியும் எலியும் அங்கேயேதானே இருக்கின்றன? இரண்டு மாதத்தில் பக்கத்துத் தெருப் பூனை வந்து குட்டி போடும். ஆபரேஷன் செய்து அதே இடத்தில் விட்ட பூனை, புதிதாக வருவதை ஓரளவு விரட்டும். பழைய வாடகைதாரரே இருக்கட்டும் என்கிறேன்.

அப்படியானால் என்னதான் வழி?

பிடி, கருத்தடை செய், அதே இடத்தில் விடு. அவ்வளவுதான். நாய்களுக்கு இதை 1964லேயே சென்னையில் புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு தொடங்கிவிட்டது. மாநகராட்சி அதை ஏற்றுக்கொள்ள 1996 ஆயிற்று. பூனைகள் விஷயத்தில் அரசு வண்டி வந்து பிடித்துப்போகும் ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. நாமேதான் பிடித்துக்கொண்டு போக வேண்டும். விலங்கு நல அமைப்புகள் குறைந்த கட்டணத்தில் செய்வார்கள், முன்கூட்டியே பேசி நாள் வாங்க வேண்டும். 1903ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது. தனியார் கிளினிக் என்றால், "கூண்டுக்குள் இருக்கும் தெருப் பூனை, கையில் எடுக்க முடியாது" என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். ஒருமுறை சொல்லாமல் போய், அவர்கள் கூண்டைத் திறந்து, பூனை மருந்து அலமாரிக்குப் பின்னால் புகுந்து, மதியம்வரை யாரும் வேறு வேலை பார்க்கவில்லை. தப்பு என்னுடையதுதான்.

மயக்கத்தில் இருக்கும்போதே இடது காதின் நுனியைச் சுமார் ஒரு சென்டிமீட்டர் நேராக வெட்டிவிடச் சொல்லுங்கள். கேட்கக் கொடூரமாக இருக்கும். ஆனால் எட்ட நின்று பார்த்தாலே இது ஆபரேஷன் ஆனது என்று தெரிய வேறு நல்ல அடையாளம் இல்லை. காது வெட்டாமல் விட்ட ஒரு பெட்டையை இரண்டாம் முறையும் பிடித்து, வயிற்று முடியை மழித்த பிறகு பழைய தழும்பைப் பார்த்திருக்கிறோம். அதற்கு வீணாக ஒரு மயக்க மருந்து.

ஆணை முதலில் பிடிப்பதா, பெண்ணையா?

எண்ணிக்கை குறைய வேண்டுமென்றால் பெட்டை. பத்துக் கடுவன்களில் ஒன்பதுக்குச் செய்து ஒன்றை விட்டால், அந்த ஒன்றே போதும். சண்டை, கத்தல், பைக் சீட்டில் பீய்ச்சும் நாற்றம் போக வேண்டுமென்றால் கடுவன். ஆபரேஷனுக்குப் பிறகும் சில வாரம் கடுவனுக்குச் சினைப்படுத்தும் சக்தி மிச்சம் இருக்கும். "செய்தும் குட்டி போட்டதே" என்று சண்டைக்கு வராதீர்கள்.

தூரத்திலிருந்து ஆணா பெண்ணா என்று தெரியாவிட்டால் ஒரு குறிப்பு: கறுப்பு, மஞ்சள், வெள்ளை மூன்றும் கலந்திருந்தால் அநேகமாகப் பெட்டைதான். முழு மஞ்சள் என்றால் பெரும்பாலும் கடுவன். கன்னம் உப்பி, கழுத்து தடித்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

கையில் சிக்காத பூனையை எப்படிப் பிடிப்பது?

பொறிக்கூண்டு. பெரிய எலிப்பொறி மாதிரி இருக்கும். உள்ளே ஒரு மிதிபலகை, மிதித்தால் பின்னால் கதவு விழும். அமைப்புகளிடம் முன்பணம் கட்டி இரவல் வாங்கலாம். கோணி, மீன்வலை, துண்டு போட்டு அமுக்குவது எதுவும் வேண்டாம். பூனைக்குக் கால் முறியும், உங்களுக்குக் கை கிழியும்.

முதல் வாரம் நேரத்தை மட்டும் பழக்குங்கள். தினமும் ஒரே இடம், ஒரே மணி. அடுத்து, கூண்டின் கதவைக் கயிற்றால் கட்டித் திறந்தே வைத்து, சாப்பாட்டை முதலில் வாசலில், பிறகு நடுவில், பிறகு கடைசியில் வையுங்கள். அடியில் செய்தித்தாள் விரியுங்கள். கம்பி காலில் பட்டால் பூனை பின்வாங்கும். பிடிக்கும் நாளில் காலையிலிருந்து சாப்பாடு கிடையாது. பக்கத்து வீட்டுப் பாட்டியிடமும் சொல்லிவையுங்கள். பாவம் பார்த்து அவர் பால்சோறு வைத்துவிட்டால் அன்றைய வேலை போச்சு. இரைக்கு வறுத்த கானாங்கெளுத்தியை நம்புகிறேன். சுட்ட கருவாட்டுக்குத் தெருக்கோடிப் பூனைகூட வரும், ஆனால் வேண்டாத பூனையும் வரும்.

எங்கள் தெருவில் மீசை என்று ஒரு சாம்பல் பெட்டை. மூன்று பூனைகள் கூண்டில் விழுந்ததைத் தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்து பார்த்துவிட்டது. அதற்குப் பிறகு மிதிபலகைக்கு முன்னால் நின்று, கழுத்தை நீட்டி, மீன் துண்டைப் பல்லால் இழுத்து வெளியே கொண்டுபோய்த் தின்னும். மூன்று வாரம். கடைசியில் ஒரு தண்ணீர் பாட்டிலைக் குச்சியாக முட்டுக்கொடுத்து, அதில் கயிறு கட்டி, எதிர்த் திண்ணையில் கொசுக்கடியோடு உட்கார்ந்து, அது முழுதாக உள்ளே போனதும் நானே இழுத்தேன். கதவு விழுந்த சத்தத்தில் மீசை கூரைவரை குதித்தது. மேலே ஒரு போர்வையைப் போட்டேன். பத்தே நொடியில் சத்தம் அடங்கிவிட்டது. போர்வை இல்லாமல் கூண்டு வைக்கவே வைக்காதீர்கள். இருட்டானால்தான் பூனை அமைதியாகும்.

மாலையில் பிடித்து, இரவு அமைதியான அறையில் கூண்டோடு வைத்து, காலையில் கொண்டுபோவது நல்லது. மயக்க மருந்துக்கு முன் வயிறு காலியாக இருக்க வேண்டும், இரை தின்றுதானே உள்ளே வந்திருக்கிறது? ஆனால் சின்னக் குட்டிகளை ராத்திரி முழுக்கப் பட்டினி போடக் கூடாது, சர்க்கரை இறங்கிவிடும். எத்தனை மணி நேரம் என்று மருத்துவர் சொல்வார். ஒரு கூண்டில் ஒரு பூனைதான்.

ஆபரேஷன் முடிந்த அன்றே விட்டுவிடலாமா?

கூடாது. மயக்கம் தெளியாத பூனைக்கு உடம்புச் சூடு இறங்கும், நடை தள்ளாடும். மொட்டைமாடி விளிம்பில் நடந்தால் விழுந்துவிடும். பழைய துணி விரித்து, மின்விசிறி நேராக அடிக்காத இடத்தில் வையுங்கள். நன்றாக எழுந்து உட்கார்ந்த பிறகு முதலில் கொஞ்சம் தண்ணீர், அப்புறம் சாப்பாடு. கடுவனை மறுநாள் விடலாம். பெட்டைக்கு வெட்டின் அளவைப் பொறுத்து இரண்டு மூன்று நாளிலிருந்து ஒரு வாரம்வரை ஆகும். பிரிக்கத் தேவையில்லாத, தானே கரையும் தையல் போடச் சொல்லுங்கள். தெருப் பூனையைத் தையல் பிரிக்க மறுபடி பிடிக்க முடியாது. புண் வீங்கினாலோ, சீழ் தெரிந்தாலோ விடவே வேண்டாம்.

அந்த ஒரே மயக்கத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் போட்டு, குடற்புழு மருந்தும் கொடுத்துவிடுங்கள். இன்னொரு வாய்ப்பு எப்போது கிடைக்குமோ.

பால் கொடுக்கும் தாய் கூண்டில் விழுந்துவிட்டது. என்ன செய்வது?

முதலில் குட்டிகள் எங்கே என்று தேடுங்கள். முடிந்தால் குட்டிகளுக்கு ஆறு, எட்டு வாரம் ஆகும்வரை தாயை விட்டுவைப்பதுதான் நிம்மதி. மறுபடி சிக்காது என்று தோன்றுகிற தாய் என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அடிவயிற்றில் பால்சுரப்பி வீங்கியிருப்பதால் விலாப்பக்கம் திறந்து செய்யும் முறை இருக்கிறது. தெளிந்ததும் சீக்கிரமே குட்டிகளிடம் சேர்த்துவிட வேண்டும். ஆபரேஷனால் பால் நிற்காது.

சினையாக இருக்கும்போது செய்யலாமா என்பதையும் கேட்கிறார்கள். மருத்துவரால் முடியும். செய்யலாமா என்பது உங்கள் மனசு. முன்மாதச் சினை என்றால் நான் ஒத்துக்கொள்வேன். நிறைமாதம் என்றால் இடம் கொடுத்துக் குட்டி போடவிட்டு, பிறகு எல்லாவற்றையும் சேர்த்துச் செய்திருக்கிறேன்.

படிக்கட்டுக்குக் கீழே கண் திறக்காத குட்டிகள். தாயைக் காணோம். வீட்டுக்கு எடுத்துவரலாமா?

அவசரப்படாதீர்கள். குட்டி போட்ட பூனை மாதிரி அலைகிறான் என்று சும்மாவா சொன்னார்கள்? தாய் ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போயிருக்கும்; மிச்சத்துக்குத் திரும்பி வரும். நீங்கள் அங்கேயே நின்றால் வராது. தூரப்போய்ச் சில மணி நேரம் பாருங்கள். குட்டிகள் ஒன்றோடொன்று சுருண்டு, வயிறு நிறைந்து, சூடாகத் தூங்கினால் தாய் இருக்கிறது என்று அர்த்தம். உடம்பு சில்லென்று, ஓயாமல் கத்திக்கொண்டு, எறும்பு மொய்த்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

எடுத்தால் முதலில் சூடு, பிறகுதான் பால். குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் கொடுத்தால் செரிக்காது. பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். பசும்பால் பேதியாகும், பூனைக்குட்டிக்கென்றே பால்மாவு கடைகளில் கிடைக்கிறது. மனிதக் குழந்தையைப்போல் மல்லாக்கப் படுக்கவைத்து ஊட்டினால் நுரையீரலுக்குள் போய்விடும். குப்புற, தாயிடம் குடிப்பதுபோல் இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஈரப் பஞ்சால் பின்பக்கத்தை மெல்லத் தடவினால்தான் ஒன்றுக்குப் போகும். முதல் வாரங்களில் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, ராத்திரியும்தான். ஆபீஸ் போகிறவர் தனியாகச் செய்யும் காரியம் அல்ல இது.

மனிதரிடம் பழகவைக்க இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம்வரைதான் நல்ல காலம். அதற்குள் கையில் எடுத்துப் பழக்கிய குட்டிக்கு வீடு கிடைக்கும். தெருவிலேயே நான்கு மாதம் வளர்ந்து சீறும் குட்டியை வீட்டுக்குள் அடைத்தால் இருவருக்கும் நிம்மதி இல்லை.

என்ன சாப்பாடு வைக்கலாம்?

வேகவைத்த கோழி, ஈரல் கொஞ்சம், முள் எடுத்த மீன். கூடச் சோறு சேர்த்தால் வயிறு நிறையும், ஆனால் சோறே முக்கால் பங்கு என்றால் பூனை மெலியும். பூனை மாமிசம் தின்றே ஆக வேண்டிய பிராணி. டாரின் என்ற சத்து போதாமல் போனால் கண்ணும் இதயமும் கெடும். அதனால் நாய்த் தீனியைத் தினமும் போடாதீர்கள். பச்சை மத்தி தினமும் வைத்தால் பி1 வைட்டமின் குறையும், வேகவைத்தால் அந்தப் பிரச்சினை இல்லை. வளர்ந்த பூனைக்குப் பால் தேவையே இல்லை, பலவற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும்.

அரை மணி நேரம் கழித்துத் தட்டை எடுத்துக் கழுவிவிடுங்கள். எறும்பு, கரப்பான், பெருச்சாளி, பக்கத்து வீட்டுச் சண்டை நான்குமே மிச்சச் சோற்றிலிருந்துதான் வருகின்றன.

எந்த நோய்க்கு உடனே ஓட வேண்டும்?

குட்டி ராத்திரி நன்றாக விளையாடியது, காலையில் சுருண்டு கிடக்கிறது, தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கவிட்டபடி குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறது, நுரையாக வாந்தி. இது பூனைப் பார்வோவாக இருக்கலாம். ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அந்தக் கிருமி தரையில் மாதக்கணக்கில், ஒரு வருடம்வரைகூட உயிரோடு இருக்கும். அதே அட்டைப்பெட்டி, அதே துண்டில் அடுத்த குட்டியை வைக்காதீர்கள். ப்ளீச்சிங் கரைசல்தான் அதைக் கொல்லும், சாதாரண ஃபினாயில் நம்பக் கூடாது. தடுப்பூசி இருக்கிறது, எட்டு வாரத்தில் தொடங்கிச் சில வார இடைவெளியில் போடுவார்கள்.

கண்ணில் பீளை, தும்மல், நாக்கில் புண் என்றால் பெரும்பாலும் பூனைச் சளி. பூனைக்கு வாசனை தெரியாவிட்டால் சாப்பிடாது. மீனைச் சற்றுச் சூடாக்கி வையுங்கள். காது விளிம்பிலிருந்து சாம்பல் நிறப் பொருக்கு படர்ந்தால் சொறிப்பூச்சி, மருந்தில் நன்றாகக் குணமாகும். சிறுநீர் வராமல் முக்கும் கடுவனும் அவசரக் கேஸ்தான்.

வீட்டில் இருக்கும் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கலாமா?

வேண்டாம். பாராசிட்டமால் பூனைக்கு விஷம்; ஒரு மாத்திரையே கொன்றுவிடும். நாய்க்குப் போடும் உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் அதுவும் அப்படியே. டெட்டால் ஊற்றிப் புண் கழுவாதீர்கள், நக்கித் தொலைக்கும். உப்புக் கலந்து ஆறவைத்த வெந்நீர் போதும்.

கடித்துவிட்டது, கீறிவிட்டது.

உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் வைக்காதீர்கள். அன்றே அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் வெறிநாய்க்கடி ஊசி இலவசம். இரத்தம் கசியாவிட்டாலும் பூனைக் கீறல் கணக்குத்தான். குட்டிதானே, தெரிந்த பூனைதானே என்று விடாதீர்கள். சொன்ன நாட்களில் எல்லா ஊசியையும் போட்டு முடியுங்கள். பூனைப் பல் ஊசி மாதிரி, வெளியே சின்னப் புள்ளி தெரியும், உள்ளே சீழ் பிடிக்கும்.

வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார். பூனை முடியால் ஆஸ்துமா வரும் என்றும் மாமியார் சொல்கிறார்.

டாக்ஸோப்ளாஸ்மா என்ற கிருமி பூனை மலத்தில் வரலாம். ஆனால் வெளியே வந்து ஒரு நாளாவது ஆன பிறகுதான் அது தொற்றும். பூனை மலம் கழிக்கும் மண்தொட்டியை வேறொருவர் தினமும் சுத்தம் செய்தால் தீர்ந்தது. அரைவேக்காட்டு இறைச்சியும், கையுறை இல்லாமல் தோட்ட மண்ணைக் கிளறுவதும்தான் பெரிய ஆபத்து. ஒவ்வாமை சிலருக்கு உண்மையிலேயே வரும். அதற்குக் காரணம் பூனை எச்சிலில் இருக்கும் ஒரு புரதம், முடி அதைச் சுமந்து வருகிறது. ஏற்கெனவே ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சிரைப்பு கூடலாம். மாமியார் சொல்வது முழுத் தப்பும் இல்லை, முழுச் சரியும் இல்லை.

அப்பார்ட்மெண்ட் சங்கம் சாப்பாடு வைக்கக் கூடாது என்கிறது.

2023ல் வந்த விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகளில் 20ஆவது விதி, வளாகத்தில் உள்ள சமுதாய விலங்குகளுக்கு உணவு வைக்க ஏற்பாடு செய்வது குடியிருப்போர் சங்கத்தின் பொறுப்பு என்கிறது. கூடவே இடம் படிக்கட்டு, நுழைவாயில், குழந்தைகள் விளையாடும் இடம் இவற்றுக்குத் தள்ளி இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நம் ஆட்கள் முதல் பாதியை மட்டும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போவார்கள். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் பொதுத் தெருக்களில் உணவு வைக்கக் கூடாது என்று சொன்னது தெருநாய்களைக் குறித்து. அதைப் பூனைக்கும் சேர்த்துப் படித்துக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

சட்டத்தைவிட வேலை செய்வது வேறு. எதிர்ப்பவரிடம் என்ன தொந்தரவு என்று கேளுங்கள். பூந்தொட்டியில் மலம் என்றால், ஒரு மூலையில் மணல் கொட்டி நீங்களே தினமும் அள்ளுங்கள், அவர் தொட்டி மண்மேல் கம்பிவலை போட்டுக்கொடுங்கள். கார்மேல் கீறல் என்றால் ஒரு கவர். ராத்திரிக் கத்தல் என்றால் ஆபரேஷன் தேதியைச் சொல்லுங்கள். எங்கள் மாடி வீட்டு சார் மூன்று வருடம் என்னிடம் பேசவில்லை. கத்தல் நின்ற மாதம் கூண்டைத் தூக்க ஒரு கை கொடுத்தார்.

யாரோ விஷம் வைக்கிறார்கள்.

வாந்தியையும் மிச்ச உணவையும் கையுறை போட்டுப் பையில் எடுங்கள், படம் எடுங்கள், பூனையை மருத்துவரிடம் கொண்டு ஓடுங்கள், பிறகு காவல் நிலையம். பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 325ஆம் பிரிவில் விலங்கைக் கொல்வது, விஷம் வைப்பது, முடமாக்குவதற்கு ஐந்து ஆண்டுவரை சிறை உண்டு. புகாரில் அந்த எண்ணை எழுதிக் கொடுங்கள். 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் இருக்கிறது. அதற்கு மாநிலங்களவையில் வித்திட்டவர் நம் ருக்மிணி தேவி அருண்டேல்.

மழைக்காலத்தில்?

வண்டி எடுக்கும் முன் பானெட்டைத் தட்டுங்கள். சூடான இன்ஜின் மேல் பூனை படுத்திருக்கும்.

எல்லாம் செய்தாயிற்று. எண்ணிக்கை எப்போது குறையும்?

ஒரு தெருவில் பத்துப் பூனை என்றால் ஏழு, எட்டுக்காவது முடித்தால்தான் குட்டி வரத்து நிற்கும். இரண்டோடு களைத்து நிறுத்தினால் எதுவும் மாறியதாகத் தெரியாது. அதற்குப் பிறகும் இருக்கும் பூனைகள் வயதாகிப் போகும்வரை எண்ணிக்கை அப்படியேதான் இருக்கும், சில வருடம் ஆகும். ஒரு நோட்டில் நிறம், பெயர், பிடித்த தேதி, காது எல்லாம் எழுதிவையுங்கள். என் நோட்டில் கடைசிப் பக்கம் காலியாக இருந்தது. நேற்று மாலை மதில்மேல் ஒரு மூவர்ணக் குட்டி உட்கார்ந்திருந்தது, இரண்டு காதும் முழுசாக. ஐந்து மாதம் இருக்கும். இன்றிலிருந்து ஏழு மணிக்குத் தட்டு வைக்கிறேன். கூண்டு அடுத்த வாரம்.